லூபஸ்: ‘அதான் சரியாயிடுச்சே’ என்று தோன்றும் நாளில்

மூட்டுவலி விட்டிருக்கும். கன்னங்களில் படர்ந்த செந்தடிப்பு மறைந்திருக்கும். ‘அதான் சரியாயிடுச்சே’ என்று மாத்திரையை நிறுத்துவார்கள். லூபஸ் மறுபடி கிளம்ப இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய் இது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். முழுக்கக் குணப்படுத்த முடியாது, அடக்கி வைக்கலாம்.

முதல் வேலை, ஹைட்ராக்ஸிகுளோரோகுவினை விடாமல் சாப்பிடுவது. மலேரியாவுக்கென வந்த இந்த மாத்திரை கொரோனாவையும் குணமாக்கும் என்று 2020இல் பேச்சு கிளம்பியபோது, பல நாடுகளில் லூபஸ் நோயாளிகள் அது கிடைக்காமல் அலைந்தார்கள். (கொரோனாவுக்கு அது உதவவுமில்லை.) நாள் அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாது. விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்தில் ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப் பின் வருடந்தோறும் கண் பரிசோதனை தேவை.

லூபஸை அடக்கத் தரும் ஸ்டீராய்டு வேறு மாதிரி. முகம் உப்புகிறதே என்று திடீரென நிறுத்தினால் ஆபத்து. மாத்திரையில் ஸ்டீராய்டு கிடைப்பதால், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலைக் குறைத்திருக்கும். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே என்பது இன்றைய இலக்கு.

அடுத்தது சிறுநீரகம். அது பெரும்பாலும் வலித்துச் சொல்லாது. பாடகி செலினா கோமஸுக்கு லூபஸால் சிறுநீரகம் பழுதாகி, 2017இல் தோழி தந்த சிறுநீரகம் பொருத்தப்பட்டது. எனவே நன்றாக இருக்கும்போதும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரில் நுரை, கால் வீக்கம் தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம்.

வெயிலும் லூபஸைக் கிளப்பிவிடும் என்பதால், வெளியே போனால் முழுக்கை உடை, குடை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி பூசவேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்கள் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறைகிறதா என்றும் பார்க்கவேண்டும். புகைப்பழக்கம் நோயைக் கூட்டும்; விட்டுவிடுவதே நல்லது.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ லேகியத்தோடு உறவினர்கள் வருவார்கள். இங்கே எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே அதிகப்பிரசங்கி. மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

குழந்தை வேண்டுவோர், நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்படி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். லூபஸுக்குத் தரப்படும் மைக்கோஃபினோலேட் மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவர் அதை மாற்றிவிடுவார். ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைக் கர்ப்பத்திலும் தொடரலாம்.

எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால், அது தொற்றா, லூபஸா என்று வீட்டில் யூகிக்க முடியாது. அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாத்திரைச் சீட்டும் கையோடு இருக்கட்டும்.