கண்மட்டத்திலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒன்பதாம் வகுப்புக்கு பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தைத் தாளில் காட்டும் முறை, சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கரும்பலகையில் தண்டவாளம் வரைந்து, நடுவே ஒரு புள்ளி வைத்து, ஓரத்தில் மின்கம்பங்களை நட்டுக் காட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகளும் ஸ்கேல் வைத்து அச்சு அசலாக வரைந்துவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் வகுப்பில் இருக்கும் மேசையை வரையச் சொன்னதும், நான்கு காலும் ஒரே கோட்டில் நிற்கும் பழைய மேசைதான் வந்திருக்கிறது. பாதிப் பேர் "எனக்கு டிராயிங் வராது டீச்சர்" என்று நோட்டை மூடிவிட்டார்கள். இதே கேள்வி இன்னும் பல ஓவிய ஆசிரியர்களுக்கு இருக்கும் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டை மூடிய பிள்ளைகளைப் பற்றி. அவர்களே நான்காம் வகுப்பில் ஒரு தாள் கொடுத்தால் மறு கேள்வி கேட்காமல் வரைந்தவர்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை. அந்தக் குடிசையின் முன்சுவரும் பக்கச்சுவரும் ஒரே தட்டைக் கோட்டின் மேல் நிற்கும். அப்போது அது அந்தக் குழந்தையை உறுத்தவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உறுத்தத் தொடங்குகிறது. பிள்ளைகளின் படங்கள் வயதோடு எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். தன் படம் தான் பார்ப்பதுபோல் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ஏன் இல்லை என்பது தெரிவதில்லை. யாரும் சொல்லித் தருவதும் இல்லை. அதனால் தனக்குக் கை இல்லை என்று தானே முடிவுகட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவர்கள் வாழ்நாள் முழுவதும் அந்த முடிவோடே இருந்துவிடுகிறார்கள்.

பெர்ஸ்பெக்டிவ் சரியாக அந்த வயதில் சொல்லித் தரவேண்டிய விஷயம். காரணம், ஓவியத்தில் பயிற்சியால் எவருக்கும் வரக்கூடியவற்றில் அது முதன்மையானது. வண்ணத்தின் நுட்பம், கோட்டின் உயிர் இவையெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு பெட்டி மேசைமேல் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும்படி வரைவது அப்படியில்லை, கற்றுக்கொண்டால் வந்துவிடும். ஒரு பெட்டி உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்த பிள்ளை அதற்குப் பிறகு வராது என்று சொல்வதில்லை.

உங்கள் வகுப்பில் நடந்தது என்னவென்றால், புள்ளி முதலில் வந்துவிட்டது. தூரம் போகும் கோடுகள் கூடுவதாகத் தெரியும் அந்த மறைபுள்ளி, பார்த்ததன் முடிவு. பார்க்காத பிள்ளைக்கு அது இன்னொரு வாய்ப்பாடு. தண்டவாளப் படத்தை அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், அவ்வளவுதான். ஆகவே ஸ்கேலையும் புள்ளியையும் ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கண்மட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

எந்த அரசுப் பள்ளியிலும் நீளமான வராண்டா ஒன்று இருக்கும். அதன் ஒரு முனையில் பிள்ளைகளை நிற்கவையுங்கள். மேலே உத்தரத்தின் கோடு தூரம் போகப் போக இறங்குகிறதா ஏறுகிறதா என்று கேளுங்கள். கீழே தரையும் சுவரும் சேரும் கோடு? மேலே உள்ளது இறங்கும், கீழே உள்ளது ஏறும். நடுவில் ஏதோ ஓர் உயரத்தில் ஏறாமலும் இறங்காமலும் ஒரு கோடு இருந்தாக வேண்டும். சுவரில் வண்ணம் பிரியும் பட்டையோ ஜன்னல் திட்டோ அந்த உயரத்தில் அமைந்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அது அவரவர் கண்ணின் உயரம். இப்போது எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லுங்கள். சற்று முன் ஏறிக்கொண்டிருந்த ஜன்னல் திட்டு இப்போது இறங்குகிறது. கட்டடம் அப்படியேதான் இருக்கிறது, மாறியது நாம். இந்த ஒன்றைப் பிள்ளைகள் உடம்பால் உணர்ந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

காலைப் பிரார்த்தனைக் கூட்டம் இதைவிட நல்ல வகுப்பறை. சமதளமான மைதானத்தில் ஏறக்குறைய ஒரே உயரமுள்ள பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அதே உயரமுள்ள ஒரு மாணவி முன்னே நின்று பார்த்தால், அருகில் நிற்பவளின் கண்ணும் கடைசியில் நிற்பவளின் கண்ணும் ஒரே கிடைக்கோட்டில் இருக்கும். தூரம் போகப் போக பாதங்கள் மட்டும் மேலே வரும். நாம் பார்க்கும் பெரும்பாலான மாணவர் படங்களில் தூரத்து ஆள் தாளின் மேல் பக்கத்தில் சின்ன பொம்மையாக மிதப்பான். காரணம் இந்த ஒரே விஷயம் தெரியாததுதான். உங்கள் கைபேசியில் இதையே இரண்டு படங்களாக எடுத்துக் காட்டுங்கள்: ஒன்று கண்ணுயரத்தில், இன்னொன்று இடுப்புயரத்தில் பிடித்து. இரண்டாவது படத்தில் அந்தக் கிடைக்கோடு எல்லோருடைய இடுப்பையும் தொட்டுக்கொண்டு போகும். ஆனால் கைபேசிப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். அதன் அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். அதைவிட, கோடு எங்கே போகிறது என்று தேடும் வேலையைப் பிள்ளையின் கண்ணிடமிருந்து பறித்துவிடும்.

அடுத்து ஜன்னல். 1435இல் இத்தாலியில் ஆல்பெர்ட்டி ஓவியத்தைப் பற்றி எழுதியபோது, படத்தைத் திறந்த ஜன்னலாக நினைத்துக்கொண்டு அதன் வழியே பார்க்கச் சொன்னார். 1525இல் ஜெர்மனியின் ட்யூரர் அச்சிட்ட அளவியல் நூலில், சுவரில் அடித்த ஆணியிலிருந்து நூல் கட்டி, ஒரு சட்டத்தின் வழியே அதை இழுத்து, ஒரு வீணை போன்ற வாத்தியத்தைப் புள்ளி புள்ளியாகத் தாளில் ஏற்றும் காட்சி இருக்கிறது. நம் பள்ளி ஜன்னல்களில் கண்ணாடி இருக்காது, கம்பி இருக்கும். அது நமக்கு வசதி. ஒரு பிள்ளையை ஜன்னலுக்கு முன் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்க் கட்டடத்தின் கூரை மூன்றாவது கம்பியை எங்கே வெட்டுகிறது, ஐந்தாவது கம்பியை எங்கே வெட்டுகிறது? தாளிலும் அதே எண்ணிக்கையில் மெல்லிய கோடுகள் போட்டு அந்த இடங்களைக் குறிக்கட்டும். கூரை இவ்வளவு சாய்கிறதா என்று பிள்ளைக்கே வியப்பாக இருக்கும். கை நம்ப மறுக்கும். கம்பி பொய் சொல்லாது.

கம்பி இல்லாத இடத்தில் பென்சில். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் அளவு குறிப்பது நீங்கள் அறிந்ததே. லோயர், ஹையர் கிரேடு மாடல் டிராயிங் தேர்வுகள் எழுதி வந்தவர் நீங்கள். ஆனால் முழங்கை ஏன் மடங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமா? சொல்லுங்கள். கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறினால் எல்லா அளவும் பொய்யாகிவிடும். 60 செ.மீ. தள்ளிப் பிடித்த பென்சிலில், 30 மீட்டர் தூரத்தில் நிற்கும் 6 மீட்டர் விளக்குக் கம்பம் 12 செ.மீ. அளவில் தெரியும். அதே கம்பம் 60 மீட்டர் தள்ளி நின்றால் 6 செ.மீ. தூரம் இரட்டித்தால் உயரம் பாதி. இது அவர்கள் கணக்குப் பாடத்தில் படிக்கும் வடிவொத்த முக்கோணம்தான். உங்கள் பள்ளிக் கணித ஆசிரியரை ஒருநாள் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் பாடத்துக்கும் அது நல்லது. உங்கள் பீரியடின் மேல் அவருக்கு ஒரு மதிப்பும் வரும்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளி. இதில் தவறாத பிள்ளை அபூர்வம். வாய்ப்பகுதியை இரண்டு முனையும் கூரான எலுமிச்சையாக வரைவார்கள். அடிப்பகுதியை நேர்க்கோடாக இழுப்பார்கள், தரை தட்டை என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால். வாளியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள்: வாய் ஒரு கோடாகிவிடும். மெல்ல இறக்குங்கள்: கோடு பிளந்து நீள்வட்டமாகும், இறங்க இறங்க அகலும். ஆக, தரையில் இருக்கும் வாளிக்கு அடிவட்டம், வாய்வட்டத்தைவிட இன்னும் திறந்து இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு புள்ளியைக் கொண்டுவாருங்கள். அப்போது அது பெரிய விடுதலையாக வந்து சேரும். வராண்டாவில் பார்த்த எல்லாக் கோடும் ஒரே இடத்தில் கூடுகிறது என்பதை நூல் பிடித்துக் காட்டலாம். லியோனார்டோ தன் 'கடைசி விருந்து' சுவரோவியத்தில் இயேசுவின் நெற்றிப்பொட்டில் ஆணி அறைந்துதான் கோடுகளைப் பிடித்தார். அந்த ஆணித்துளை இன்றும் சுவரில் இருக்கிறது. இரண்டு மறைபுள்ளி வரும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. டிராயிங் நோட்டின் அகலத்துக்குள் இரண்டு புள்ளியையும் அடக்கினால் பெட்டி கோணி, மூலை முன்னால் துருத்தும். தாளைத் தரையில் ஒட்டி, புள்ளிகளைத் தரையிலேயே சாக்பீஸால் தள்ளிக் குறித்து, நூலால் கோடு பிடியுங்கள். நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்தே இருக்கட்டும்.

வராண்டாத் தூண்களின் இடைவெளி எப்படிக் குறைகிறது என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் உங்கள் வகுப்பு வென்றுவிட்டது. முதல் தூணின் உச்சியிலிருந்து, இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடம் மூன்றாம் தூணின் அடி. அதேபோல் இரண்டாம் தூணின் உச்சியிலிருந்து மூன்றாம் தூணின் நடுப்புள்ளி வழியாக இழுத்தால் நான்காவது. கண்ணால் யூகித்ததைச் சரிபார்க்க இதைப் போன்ற இனிய கருவி வேறில்லை.

இன்னொன்றை வகுப்பில் விடாமல் சொல்லவேண்டும். பெர்ஸ்பெக்டிவ் உலகைக் காட்டும் வழிகளில் ஒன்று மட்டுமே. நம் பள்ளிகளுக்கு ஆங்கிலேயர் கால ஓவியக் கல்வி வழியாக வந்தது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளம் வரைந்தவர், குளத்தை மேலிருந்து விரித்துவைத்து, அதற்குள் மீனையும் யானையையும் பூப் பறிப்பவரையும் பக்கவாட்டில் காட்டினார். அங்கே மறைபுள்ளி இல்லை. அது குறையும் இல்லை. உடலின் திருப்பத்துக்கேற்ப அங்கங்கள் குறுகுவதையும் வளர்வதையும் விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய நூலின் சித்திரசூத்திரப் பகுதி க்ஷயம், விருத்தி என்று இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. நான்காம் வகுப்புக் குழந்தையின் தட்டைக் குடிசையைத் திருத்தாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறது, அதனால் அதற்குத் தருகிறோம்.

தந்த பிறகு என்ன ஆகும் என்று காட்ட ஓவியர் சில்பியின் படங்களைக் கொண்டுபோங்கள். நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். ஆனந்த விகடனில் வந்த தென்னாட்டுச் செல்வங்கள் தொடரில் கோயில் சிற்பங்களையும் மண்டபங்களையும் கோட்டோவியமாக வரைந்தார். மண்டபத் தூண்கள் உள்ளே உள்ளே போவதை அவர் பேனா மையில் காட்டியிருப்பதை அருகில் வைத்துப் பார்க்கட்டும். அவர் எங்கே உட்கார்ந்து வரைந்திருப்பார், கண்மட்டம் எது என்று பிள்ளைகளையே கேளுங்கள். தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்குக் கோபுலு வரைந்த படங்களிலும் இதையே தேடலாம்.

பீரியட் கிடைப்பதில்லை என்று நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஓவியம் இல்லை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது டிராயிங்கும் பி.டி.யும்தான். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது அவர்களில் ஓவிய ஆசிரியர்களும் இருந்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வேலை வாரத்துக்கு மூன்று அரைநாள். ஓவியத்துக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் அதுதான். இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை பொறியியல் முதலாண்டில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் தாளின் முன் உட்காரும்போதும், கட்டடக்கலைக்கான நாட்டா தேர்வு எழுதும்போதும், ஐ.டி.ஐ.யில் வரைவாளர் பிரிவில் சேரும்போதும், பள்ளியில் பறித்துக்கொண்ட அந்த மணிநேரங்கள் கண்முன் வந்து நிற்கும். தச்சரின் பட்டறையில் ஒரு கட்டிலின் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும்.

தலைமையாசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பெறுங்கள்: வாரம் ஒன்றாக வரும் பீரியடை இரு வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் இரண்டாக. நாற்பது நிமிடத்தில் வெளியே போய் உட்கார்ந்து திரும்புவதற்கே நேரம் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கு 2பி பென்சிலும் பரீட்சை அட்டையும் போதும். முதல் நாள் வரைந்த மேசையை அழிக்க விடாதீர்கள், தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுவதென்றால் அந்தப் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் உள்ள தூரத்துக்குப் போடுங்கள். வகுப்பின் சிறந்த ஓவியரை வைத்து மற்றவர்களை அளக்காதீர்கள்.

நோட்டை மூடிய அந்தப் பாதிப் பேரை வராண்டாவில் முன்வரிசையில் நிறுத்துங்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் அவர்கள் வரைந்த மேசைகளில் நான்கைந்தை எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய ஓவிய ஆசிரியர்