பொருட்காட்சியில் கடை போடுவோர் அறிய வேண்டியவை

மளிகை, பருப்பு, மசாலா வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது வணிகக் கண்காட்சிகளில் கடை எடுக்கிறார்கள். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையம், கோவை கொடிசியா வளாகம் போன்ற இடங்களில் புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்க இது நல்ல வழிதான். ஆனால் அந்த நாலு நாள் கடைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது, அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது தெரியாமல் போனால் பணமும் போகும், பெயரும் போகும்.

யார் யார்?

இடம் தருபவர் கண்காட்சி அமைப்பாளர். கடையைக் கட்டித் தருபவர் ஸ்டால் கான்ட்ராக்டர். அவருக்குக் கீழே தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், சுமை தூக்குபவர் எனப் பலர். பெரும்பாலோர் நாள் கூலிக்காரர்கள்.

இடம் இரண்டு வகைப்படும். ஒன்று வெறும் தரை. கட்டுவது நம் பொறுப்பு. மற்றது அமைத்த கடை. பெரும்பாலும் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். அலுமினியக் கம்பங்களில் பலகை செருகி, மேசை, நாற்காலி, விளக்கு, பெயர்ப் பலகையோடு தருவார்கள். முதல் முறை போகிறவர்கள் இதை எடுப்பதே நல்லது.

சிக்கல் எங்கே?

நேரத்தில்தான். திறப்பு விழாத் தேதி மாறாது. முந்தைய கண்காட்சிக்காரர் காலி செய்த பிறகே அரங்கு கிடைக்கும். கட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள்தான். அதனால் இரவிலும் வேலை நடக்கும். கடைசி நேரத்தில் போய், "அலமாரியை அந்தப் பக்கம் மாற்று" என்றால் கூலியும் ஏறும், வேலையும் கெடும்.

நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் வெறும் தரை எடுத்து, பழக்கமான கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தோம். கடை நன்றாகவே அமைந்தது. பெயர்ப் பலகையில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. அதற்குச் சில நூறு ரூபாய் கழித்திருந்தால் போதும். நாம் பல ஆயிரத்தை நிறுத்தி வைத்தோம். "அண்ணாச்சி, தச்சருக்குக் கூலி கொடுக்கணும்" என்று அவர் இரண்டு முறை கடைக்கு வந்து நின்றார். பிறகு பார்க்கலாம் என்றோம்.

மறு ஆண்டு அவரைக் கூப்பிட முகமில்லை. குறைந்த விலைக்கு வேறொருவரைப் பிடித்தோம். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு 11 மணிக்கு நாலு சட்டம் மட்டும் நின்றது, ஆளைக் காணோம். பக்கத்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த பழைய கான்ட்ராக்டரின் தச்சர் நம்மை அடையாளம் கண்டு, தம் முதலாளியிடம் கேட்டு, விடிய விடியக் கட்டிக் கொடுத்தார். நாம் நிறுத்திய பணத்தில் அவருடைய ஆறு நாள் கூலியும் இருந்தது என்பது காலையில்தான் தெரிந்தது. அன்றே பழைய பாக்கியைத் தீர்த்தோம். வெட்கம் இன்னும் தீரவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. படம், அளவு, விளக்குகளின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெயர்ப் பலகை வாசகத்தை நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

2. ஆர்டர் கொடுக்கும்போது பாதி, கடை கைக்கு வந்ததும் பெரும்பகுதி, பிரித்த பிறகு சிறு மீதி எனப் பணம் கொடுக்கலாம். குறை இருந்தால் அந்தக் குறைக்கு மட்டும் கழிக்க வேண்டும்.

3. ஃப்ரீசர், மிக்சி, மின் அடுப்பு வைப்பதானால் மொத்த வாட் கணக்கை முன்கூட்டியே அமைப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

4. கடை வாடகைக்கும் அமைப்பு வேலைக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரவு இல்லை. வெளிமாநிலக் கண்காட்சியில் சரக்கு விற்பதானால், குறைந்தது 5 நாள் முன்னதாக அங்கே தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

5. இரவு வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடும் தேநீரும் வாங்கிக் கொடுங்கள். செலவு சிறிது.

மில்காரருக்குத் தவணை தவறினால் அடுத்த லோடு வராது என்பது நமக்குத் தெரியும். கடை கட்டித் தரும் தொழிலாளிக்கும் அதே கணக்குதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.