பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போலாமா? காஞ்சிபுரத்திலேயே தொடங்கலாம்

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பறவைகள் புதிதல்ல. அம்மாவின் பட்டுப்புடவையில் அன்னமும் மயிலும் இருக்கின்றன. மயில்கண், குயில்கண் என்று நெசவு வடிவங்களுக்கே பெயர் உண்டு. வரதராஜ பெருமாள் கோவிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடப் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிறோம். ஆனால் உயிருள்ள பறவையைக் காட்டணும்னா மட்டும் வண்டலூர்தான் ஞாபகம் வருது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நான் முதல் தடவை செய்த தப்பைச் சொல்கிறேன். ஆறு வயது அக்கா மகனை சர்வ தீர்த்தக் குளத்துக்குக் கூட்டிப் போனேன். பார்க்க வேண்டிய பறவைகளின் பட்டியல் என் போனில் தயார். அவனோ படியில் உட்கார்ந்து எறும்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்தேன், அழுதான். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் பட்டியலை விட்டுவிட்டு அவன் பின்னால் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே கேட்டான்: "சித்தி, அந்தக் காக்கா ஏன் சட்டை காயப்போடுது?" அது நீர்க்காகம். அதன் இறகில் தண்ணீர் ஊறும். மீன் பிடித்து முடித்ததும் இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்தும். பட்டியலில் இருந்ததைவிட இந்த ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

குளம் பழகியதும் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போங்க. பனை மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அவசியம் காட்ட வேண்டும். ஓலையையும் புல்லையும் நாராகக் கிழித்து, அலகாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னுவது ஆண் குருவி. பாதி பின்னியதும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடும். ஆண் வேறொன்று தொடங்கும். நம் ஊரில் கோர்வை போட இரண்டு பேர் வேணும், இங்கே தறியும் கிடையாது, துணை ஆளும் கிடையாது! கூட்டில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கு வைக்கும் என்பது கதைதான். ஈர மண்ணை ஒட்டுவது மட்டும் உண்மை.

பிறகு ஒரு நாள், நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில், உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல். இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா எல்லாம் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். நத்தைகுத்தியின் அலகு நடுவில் ஏன் இடைவெளி இருக்கிறது என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022இல் இது ராம்சார் ஈரநிலமானது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்று சொன்னால் பிள்ளைகள் தானாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள். மழை குறைந்த வருடத்தில் பறவையும் குறையும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தளர்வு வேண்டாம். குளத்துப் படியிலும் மதகுப் பக்கத்திலும் பாசி வழுக்கும், பிள்ளையின் கையை விடாதீர்கள். போனில் போட்டோ எடுக்கிற அந்த அரை நிமிடம்தான் ஆபத்து. புல்வெளியில் செருப்பைவிட ஷூ நல்லது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், 108ஐ அழையுங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம், கூட்டை விட்டு வெளியே வரும் பறவையின் குஞ்சுக்கு அது ஆபத்து.

திரும்பும் வழியில் "பச்சைக்கிளி வாங்கித் தா" என்று கேட்பார்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிவு செய்தால் போதும்; மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். அக்கா மகன் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கிறது: காக்கா 11, சட்டை காயப்போட்ட காக்கா 1.