‘இன்ஹெரிட்’ என்னும் வினைச்சொல்

தோழியரே, ஆங்கில அகராதியில் ‘இன்ஹெரிட்’ என்ற சொல்லுக்கு ‘வாரிசாகப் பெறு’ என்று பொருள் காண்கிறோம். வாரிசைக் குறிக்கும் ‘ஹேரெஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். பழைய தமிழ் விவிலியத்தில் இதற்குச் ‘சுதந்தரித்தல்’ என்ற சொல் வருகிறது. அங்கே அதற்கு உரிமையாகப் பெறுதல் என்பதே பொருள், விடுதலை அன்று.

இவ்வினைக்குப் பெறுபவரே எழுவாய், கொடுப்பவர் அல்லர். ‘அப்பா எனக்கு வீட்டை இன்ஹெரிட் செய்தார்’ என்பது பிழை. ‘ஷி இன்ஹெரிட்டட் த ஹவுஸ் ஃப்ரம் ஹெர் ஃபாதர்’ என்பதே சரி. ‘இடமிருந்து’ என்பதற்கு ‘ஃப்ரம்’ வரவேண்டும். விலைக்கு வாங்கிய பொருளுக்கு இச்சொல் ஆகாது.

அன்றாடப் பேச்சில் பாட்டியின் சுருட்டை முடியையும் அம்மாவின் முன்கோபத்தையும் ‘இன்ஹெரிட்’ செய்யலாம். அக்காவுக்குச் சிறியதாகிப்போன பாவாடையைக்கூட வேடிக்கையாக இப்படிச் சொல்வதுண்டு. (தங்கைகளுக்கு அது வேடிக்கையாக இராது!) நம் விருத்தாசலத்தில் ஒருவர் தந்தையின் பீங்கான் பட்டறையை ‘இன்ஹெரிட்’ செய்யலாம். ஆனால் அச்சில் களிமண் கூழை ஊற்றுவதையும் சூளையில் பதமாகச் சுடுவதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு வினை ‘லேர்ன்’.

சொத்தைப் பொறுத்தவரை, ‘டாட்டர்’ என்ற சொல்லை இவ்வினைக்கு எழுவாயாக வைப்பது எளிதாக இருக்கவில்லை. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கு 1916-இல் வந்த வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. ‘எது அதிகமோ’ என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை! கோட்டயத்தில் பள்ளி நடத்திய ஆசிரியை மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1986-இல் தீர்ப்பு வந்தது: அவர்களுக்கும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு.

தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே சம உரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமான மகள்களுக்கு அது கிட்டவில்லை. 2005-இல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தத்தில் அந்தத் தடையும் நீங்கியது.

இனி உச்சரிப்பு. ‘இன்ஹெரிட்’டில் ‘ஹ’ ஒலிக்கும். வாரிசைக் குறிக்கும் ‘ஏர்’ என்ற சொல்லில் அந்த எழுத்து இருந்தும் ஒலிக்காது. பெண் வாரிசுக்கு ‘ஏரெஸ்’ என்று தனிச்சொல் உண்டு. ஆயினும் ‘ஏர்’ என்பதே இருபாலார்க்கும் பொருந்தும்.