தருமபுரியிலிருந்து வெளியுறவு ஆய்வுக்கு வரும் இளையவருக்கு

அயல்நாட்டுச் சண்டையில் தலையிடாதீர்கள், படைக்கு முன்னால் தூதை அனுப்புங்கள் என்று அரசுக்கு எடுத்துச் சொல்வதையே வேலையாகக் கொண்ட சிந்தனைக் குழாம்கள் உலகில் சிலவே. அவற்றில் இன்று அதிகம் பேசப்படுவது வாஷிங்டனில் 2019-ல் தொடங்கிய குயின்சி நிறுவனம். அழிப்பதற்கு அரக்கர்களைத் தேடிக்கொண்டு அமெரிக்கா அயல்நாடு போவதில்லை என்று 1821 ஜூலை 4 அன்று பேசிய ஜான் குயின்சி ஆடம்ஸின் பெயரைத் தாங்கியது அது. முதல் தலைவர் ஆண்ட்ரூ பேஸ்விச் வியட்நாமில் போரிட்ட படை அதிகாரி, ஈராக் போரில் மகனைப் பறிகொடுத்தவர். தொடக்க நிதி தந்தவர்களில் ஜார்ஜ் சோரஸின் அறக்கட்டளையும் உண்டு, சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. அமெரிக்க அரசியலில் பெரும்பாலும் ஒத்துப்போகாத இரண்டு பணப்பைகள் இதில் ஒன்றாகத் திறந்தன.

தருமபுரியிலிருந்து இத்துறைக்கு வருபவர் முன்மாதிரி தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது முதல் 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது வரை, இந்த மாவட்டத்து ஊர்தான். அவர் 1962 செப்டம்பரில், தம் 83-ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைவராக வாஷிங்டன் போய் ஜான் கென்னடியைச் சந்தித்தார். உடன் போனவர்கள் ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்பதே கோரிக்கை. பேச்சு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி நீண்டது.

அந்தச் சந்திப்பில் இளையவர் கவனிக்க வேண்டியவை பேச்சுத்திறனும் வயதின் மரியாதையும் அல்ல. முதலாவது, கோரிக்கையின் அளவு. உலகில் அணுகுண்டே கூடாது என்பதுதான் ராஜாஜியின் உள்ளக்கிடக்கை. ஆனால் தூதுக்குழு கொண்டுபோனது சோதனை என்ற ஒற்றை விஷயம். குண்டை ஒழிப்பதென்றால் எதிரியின் கையிருப்பை எண்ண வேண்டும், கண்காணிப்புக்கு ஆள் வைக்க வேண்டும். வளிமண்டலத்தில் வெடிக்கும் சோதனையையோ எட்டி நின்றே கண்டறியலாம். நிறுத்துகிறேன் என்று சொன்னவர் நிறுத்தினாரா என்பது தெரிந்துவிடும். கேட்கிற ஆட்சியாளர் மறுநாள் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி. அறிக்கை எழுதுவோர் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்; உலகத்தையே திருத்தும் பத்துப் பரிந்துரைகளை அடுக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, சொல்பவர் யார் என்பது. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி நேருவின் பொருளாதாரக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்தவர். கம்யூனிசத்தின் எதிரி என்பது உலகறிந்த செய்தி. மாஸ்கோவின் குரலில் பேசுகிறார் என்று அவரை யாரும் தள்ளிவிட முடியாது. இந்தத் தூதை நேருவும் வரவேற்றார். அணி மாறிப் பேசுகிறவரின் சொல்லுக்கு அரண்மனையில் தனி எடை உண்டு. எப்போதும் ஒரே பல்லவி பாடுபவரின் அறிக்கையை அதிகாரிகள் தலைப்போடு மூடிவிடுவார்கள்.

விளைவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்திப்பு முடிந்து மூன்று வாரம் ஆகும் முன்பே கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்தது. அக்டோபர் 20 அன்று சீனப் படை இந்திய எல்லையைத் தாண்டியது; தில்லியில் அமைதிப் பேச்சுக்கு அன்று மதிப்பில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் மாஸ்கோவில் பகுதி அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த மூன்று நாடுகளின் சோதனைகளில் நிலத்தடிச் சோதனை தவிர மற்றவை நின்றன. இந்தியாவும் அதே மாதம் கையெழுத்திட்டது. இதை ராஜாஜியின் வெற்றி என்று எழுதுவது மிகை. கியூபாவில் பிறந்த அச்சம், பாலில் கலந்த கதிரியக்கத்தைக் கண்டு தாய்மார் எழுப்பிய கூச்சல், குருஷ்சேவின் கணக்கு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆண்டறிக்கையில் இத்தகைய பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் நிறுவனங்களை இளையவர் நிறையவே பார்க்கப் போகிறார்.

இதைவிடப் பழைய தூதும் இந்த மண்ணில் உண்டு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்கிறது புறநானூற்று 95-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. மயிற்பீலி சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்த அவனுடைய வேல்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து, தன் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார் ஔவை. எதிரியின் ஆயுதம் இன்னும் போர் காணவில்லை என்பதை அவன் வீட்டிலேயே நின்று சொன்ன சாதுரியம் அது. போர் வேண்டாம் என்ற வாதத்துக்குப் பின்னால் போருக்குத் தயாரான ஒரு படை இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிதானம் பேசுவோரைக் கோழை என்று ஏசுபவர்களுக்கும், படையே வேண்டாம் என்று நினைக்கும் தோழர்களுக்கும் இந்தப் பாட்டு இடம் கொடுப்பதில்லை. தூதால் போர் நின்றது என்ற செய்தி அடிக்குறிப்பில் இல்லை.

தகடூர் பின்னர் வீழ்ந்தது. வீழ்த்தியவன் தொண்டைமான் அல்ல, சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடிய அரிசில்கிழாரே, தகடூர்ப் போரில் மடிந்த, அதியமான் மரபைச் சேர்ந்த எழினிக்காகப் புறநானூற்று 230-ஆம் பாட்டையும் பாடினார். விதைநெல்லை உண்ட உழவனைப் போலக் கூற்றுவன் தனக்கே கேடு செய்துகொண்டான் என்பது அதன் கருத்து. வென்றவனின் புலவர் தோற்ற பக்கத்தின் இழப்பையும் எழுதியிருக்கிறார். வெளியுறவு ஆய்வாளருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடைப்பது அரிது.

தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் அறிந்த சான்று இலங்கை. 1987 ஜூலையில் போன இந்திய அமைதி காக்கும் படை 1990 மார்ச்சில் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்திருந்தது. யாரைக் காக்கப் போனதோ அந்தத் தமிழர்களுடனேயே பகை. சென்னையில் அதை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஆனால் எல்லாத் தலையீட்டையும் இந்த ஒன்றால் அளக்கக் கூடாது. 1971-ல் வங்கதேசத்தில் கணக்கு வேறு. உக்ரைன் போரிலும் நிதான வாதம் தடுமாறியது. 2022-ல் குயின்சியின் நிலைப்பாட்டை ஏற்காமல், அங்கே ஆய்வாளராக இருந்த ஜோசப் சிரின்சியோன் விலகினார். ஆக்கிரமிக்கப்பட்டவனிடம் நிதானம் பேசுவது எளிதல்ல. விலகியவரின் வாதத்தையும் இளையவர் படித்துவைக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். இந்தியாவில் 1965-ல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. அங்கே ஆவணமும் அதிகாரிகளின் அணுக்கமும் கிடைக்கும், அமைச்சகத்தை எதிர்த்து எழுதத் துணிச்சல் வேண்டும். தனியார் நிறுவனத்தில் அந்த நெருக்கடி குறைவு, நிதி நிலையற்றது. 1973-ல் தொடங்கிய கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2023-ல் நிறுத்திவைக்கப்பட்டு 2024 ஜனவரியில் ரத்தானது. வேலையில் சேரும் முன் அந்த நிறுவனத்தின் மூன்று ஆண்டு வரவுசெலவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், நிதி தருபவரைப் பற்றி எழுத நேர்ந்தால் வழக்கம் என்ன என்று விசாரிப்பதும் முறை.