பட்டறை வகுப்பு உங்கள் கைக்கு வந்தால்

பிள்ளைகள் கையால் பொருள் செய்து பழகும் டிங்கரிங் லேப் பள்ளிக்கு வந்தால், அதன் பொறுப்பு பெரும்பாலும் அறிவியல் ஆசிரியர் தலையிலோ கணினி ஆசிரியர் தலையிலோதான் விழும். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தில் 2016 முதல் அமைக்கப்பட்டுவரும் இந்த லேப்கள் 6 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் 50,000 லேப்கள் அமைக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். பொருள் வாங்குவது எளிது, எடுத்து நடத்த ஆள் கிடைப்பதுதான் கடினம். ஐடிஐ, டிப்ளமோ, பொறியியல், டிசைன் என்று எதைப் படித்திருந்தாலும், கையால் ஒன்றைச் செய்யத் தெரிந்து, பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கவும் முடிந்தால், இந்த வேலை உங்களுக்குப் பொருந்தும். நிரந்தர ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் பி.எட்.டையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

லேப் கதவைத் திறந்ததும் எல்லார் கண்ணும் 3டி பிரிண்டர் மேல்தான் போகும். முதல் பருவம் முழுக்க அதை மூடியே வையுங்கள். சாதாரண செல்போன் ஸ்டாண்டு ஒன்று அச்சாகி வரவே சில மணி நேரம் பிடிக்கும். 40 பேர் வகுப்பில் ஆளுக்கு ஒன்று என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: மெஷின் வேலை செய்யும்போது பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள்.

அட்டையில் தொடங்குங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய பெட்டி, ஸ்டீல் ஸ்கேல், பென்சில், கட்டர், அடியில் போட்டு வெட்ட ஒரு பலகை. இவை போதும். இரண்டு அட்டைகளில் காடி வெட்டி, ஒன்றில் ஒன்றைச் செருகி, பசை இல்லாமல் நிற்கவைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் ஒற்றைக் கோடு போட்டு அதன்மேலேயே வெட்டிவிடுவார்கள். அட்டைக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது என்பது வரையும்போது நினைவுக்கு வராது. செருகினால் ஏறாது. அழுத்தினால் மடங்கும். சலித்துப்போய் அகலமாக வெட்டினால் லொடலொடவென்று ஆடும். இந்த இடத்தில்தான் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை ஸ்கேலை அட்டையின் விளிம்பில் வைத்து அளக்கும்வரை காத்திருங்கள். அது நடந்த நிமிடத்தில் பக்கத்து மேசைக்கும் செய்தி போய்விடும். அன்றைய பாடம் முடிந்தது.

அடுத்த வகுப்பில் அதே அட்டையால் ஒரு புத்தகத் தாங்கி. அட்டைக்குள் ஓடும் நெளிவு வரிகள் மேலிருந்து கீழாக இருந்தால் எடையைத் தாங்கும், குறுக்காக இருந்தால் சீக்கிரம் நசுங்கும். இதையும் சொல்லித்தராதீர்கள். இரண்டு விதமாகவும் செய்யவைத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லுங்கள்.

பணமே இல்லாத பள்ளியிலும் இது முடியும் என்பதற்கு அர்விந்த் குப்தா சாட்சி. கான்பூர் ஐஐடியில் படித்த அவர், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்து கிராமப் பள்ளிகளுக்காக வேலை செய்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே அவர் வடிவங்களை உருவாக்கிக் காட்டினார். நான்கு குச்சிகளைச் சேர்த்தால் வரும் சதுரம், விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சியைச் சேர்க்கலாம் என்று பிள்ளைக்குத் தானாகத் தோன்றினால், பாலத்திலும் மின்கோபுரத்திலும் குறுக்குக் கம்பிகள் ஏன் இருக்கின்றன என்பதைத் தனியாக விளக்க வேண்டாம். 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

40 நிமிடப் பீரியடில் எதுவும் உருப்படியாக நடக்காது. தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இரட்டைப் பீரியட். கடைசிப் பத்து நிமிடம் பெருக்கவும் கருவிகளை எண்ணவும் போய்விடும். சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்து, சுத்தியல், ரம்பம், மூலைமட்டம் ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயின்டால் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்று கதவருகே நின்றே தெரிந்துவிடும். கட்டர்களுக்கு எண் போடுங்கள். ஒரு கட்டர் குறைந்தாலும் மணி அடித்ததற்காக யாரையும் வெளியே விடாதீர்கள். சால்டரிங் வைக்கும்போது ஒரு மேசைக்கு ஒரு அயர்ன், கண்ணுக்குக் கண்ணாடி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையோடு யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாது.

இன்னொன்று, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது. குழுவாகப் பிரித்துவிட்டால் ரம்பம் பையன் கையிலும் நோட்டுப் புத்தகம் பெண்பிள்ளை கையிலும் போய்ச் சேரும். யாரும் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை, ஆனாலும் நடந்துவிடும். கருவி யார் கையில் என்று ஒவ்வொரு வகுப்பிலும் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது கட்டாயம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் இங்கிலாந்திடம் கற்க ஒன்று இருக்கிறது. அங்கே டிசைன் அண்ட் டெக்னாலஜி 1990 முதல் தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் பாதி மதிப்பெண், மாணவரே ஒரு தேவையைக் கண்டறிந்து, வரைந்து, செய்து, சோதித்துப் பார்க்கும் வேலைக்குத்தான். நீங்களும் முடிந்த பொருளை மட்டும் பார்த்து மார்க் போடாதீர்கள். வீட்டில் அப்பா முடித்துக்கொடுத்த பளபளப்பான மாடல் முதலிடம் வாங்கிவிடும். முதல் வரைபடம், நிற்காமல் போன முதல் மாதிரி, என்ன மாற்றினோம் என்று இரண்டே வரி, பிறகு இரண்டாவது மாதிரி. இந்த நான்குக்கும் மதிப்பெண் கொடுங்கள். இரண்டாவது மாதிரிக்கு நேரம் ஒதுக்காத பாடத்திட்டம் எனக்குப் பாதித் திட்டமாகத்தான் தெரிகிறது.

ஊர் ஆசாரியையும் வெல்டிங் பட்டறைக்காரரையும் அழைத்து வாருங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையே 6 முதல் 8ஆம் வகுப்புக்குப் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களையும், தச்சர், குயவர் போன்றவர்களிடம் கற்பதையும் சொல்கிறது. வருகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். மாலையும் சால்வையும் போதாது, சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர் இழைப்புளி பிடிக்கும் விதத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நீங்களும் பாருங்கள்.

வேலைக்கு நேர்காணல் என்றால், சான்றிதழ் ஃபைலோடு நீங்களே செய்த இரண்டு பொருட்களையும், அவற்றின் தேறாத முதல் மாதிரிகளையும் கொண்டுபோங்கள். அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? இரட்டைப் பீரியட் உண்டா? பசை, பிளேடு, ஆணி தீர்ந்தால் யாரிடம் கையெழுத்து வாங்கி வாங்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், மாதச் செலவுக்கு ஒரு தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.