முதல் வருஷத்தில் எதைப் பிடித்துக்கொள்வது?

எம்.பி.பி.எஸ். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது, “மேடம், எந்த புக் படிக்கணும்?” என்பதுதான். ஃபிசியாலஜிக்கு கைட்டனா கனாங்கா, அனாட்டமிக்கு சௌராசியா மட்டும் போதுமா, சீனியர் கொடுத்த நோட்ஸை நம்பலாமா என்று வரிசையாகக் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பேன். “பின்பக்கத்தைச் சத்தமாப் படிங்க” என்பேன்.

ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: “இதுல சர்க்கரை எதுக்கு?”

பெரும்பாலும் “தெம்புக்கு” என்றுதான் பதில் வரும். வயிற்றுப்போக்கில் சோர்ந்து கிடப்பவருக்குத் தெம்பு வேண்டும்தான். ஆனால் அந்தச் சர்க்கரையின் முதல் வேலை உப்பை உள்ளே கொண்டுபோவது. சிறுகுடலின் உட்சுவர் செல்களில் எஸ்ஜிஎல்டி1 என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் கதவு அது. சோடியம் ஏன் உள்ளே நுழையத் துடிக்கிறது? செல்லுக்குள் சோடியம் மிகக் குறைவு. செல்லின் மறுபக்கச் சுவரில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப், ஒரு ஏடிபியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் சோடியத்தை இழுக்கிறது, சோடியம் குளுக்கோஸைக் கூட்டிக்கொண்டு போகிறது, இரண்டின் பின்னாலும் தண்ணீர் போகிறது.

காலராக் கிருமியின் நச்சு குடல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி அளவை ஏற்றிவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. உப்பை வழக்கமாக உறிஞ்சும் வழியும் அடைபடுகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1 கெடுவதில்லை. அதனால் வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வெளியே போகும்; சர்க்கரை சேர்த்தால் உள்ளே நிற்கும். அப்படியானால் சர்க்கரையை இன்னும் அள்ளிப் போடலாமா? கூடாது. குடலில் கரைசல் அடர்த்தியானால் ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். குழந்தைக்குப் பேதியாகும்போது கூல் டிரிங்க்ஸ் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான். பாக்கெட்டில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக இருப்பதும் இதைக் கணக்கிட்டுத்தான்.

இதற்குப் பின்னால் இருப்பவர்களையும் மாணவர்களுக்குச் சொல்வேன். காலராவின் நச்சு இருப்பதை 1959-ல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் சம்பு நாத் டே. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நகர்கின்றன என்ற கருத்தை 1960-ல் பிராக் நகரில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் வெள்ளமாக வந்து சேர்ந்த பங்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரம்களில் உப்பும் குளுக்கோஸும் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கவைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முயல் குடலும், செல் சுவரில் ஒரு புரதமும் என்று இருந்த அடிப்படை அறிவியல் அந்தச் சேற்றில் உயிர்களைக் காப்பாற்றியது. முதல் வருஷப் பாடம் ‘பாஸ் பண்ணிவிட்டு மறக்க வேண்டியது’ என்று எந்த சீனியராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இதே பம்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் தெரியுமா? நரம்பில் செய்தி ஓடுவதற்கான ஏற்றத்தாழ்வை உண்டாக்கி வைப்பது இந்தப் பம்ப்தான். நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் அரளி விஷத்தோடு கொண்டுவருகிறார்களே, அந்த விஷம் அடைப்பதும் இதைத்தான். பம்ப் நின்றால் பொட்டாசியம் செல்லுக்குள் திரும்ப முடியாது. செல்லுக்குள் சுமார் 140, ரத்தத்தில் 4 என்று இருக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறத் தொடங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இசிஜியைப் பார்த்துக்கொண்டே பொட்டாசியம் ரிப்போர்ட்டுக்காக டியூட்டி டாக்டர் ஏன் அத்தனை தவிப்போடு காத்திருக்கிறார் என்பது முதல் வருஷம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும். எஸ்ஜிஎல்டி1-க்கு எஸ்ஜிஎல்டி2 என்று ஒரு உறவு சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரில் வடியும் குளுக்கோஸைத் திரும்ப எடுத்துக்கொள்வது அது. அதை அடைக்கும் மாத்திரைகளைத்தான் இன்று சர்க்கரை நோய்க்கு எழுதுகிறோம்.

ஆகவே எந்தப் பாடத்தை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். எது தள்ளுகிறது, எது தடுக்கிறது, மிஞ்சினாலோ குறைந்தாலோ எது கண்டுபிடித்துச் சொல்கிறது?

‘எது தடுக்கிறது’ என்பதற்கு ரத்தக்குழாயும் மூச்சுக்குழாயும் போதும். குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. சளி பிடித்த கைக்குழந்தை ஏன் இப்படித் திணறுகிறது, பெரியவர்கள் அதே சளியோடு ஏன் வேலைக்குப் போகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கே பதில்.

மூன்றாவது கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது ஒரு நோயாளியைப் பற்றி. முப்பதைத் தாண்டாத பெண், மாமியாரோடு ஓ.பி.க்கு வந்திருந்தார். எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை, மாதவிலக்கு வருவதே இல்லை. வெளியே எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டில் டி4 குறைவு. டிஎஸ்எச் நார்மல் என்று அச்சாகியிருந்தது. டிஎஸ்எச் நார்மல் என்பதால் தைராய்டில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஃபிசியாலஜி தெரிந்தவருக்கு அந்த இரண்டு எண்களும் சேர்ந்து வரக் கூடாது. டி4 குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சும்மா இருக்காது; டிஎஸ்எச்-ஐ அள்ளிக் கொட்டி தைராய்டை விரட்டும். கழுத்தில் கோளாறு என்றால் டி4 தாழ்ந்து டிஎஸ்எச் உயர்ந்திருக்க வேண்டும். டி4 தாழ்ந்தும் டிஎஸ்எச் அசையவில்லை என்றால் குரல் கொடுக்க வேண்டிய இடமே பழுது. கடைசிப் பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ஐயோ டாக்டரம்மா, அன்னைக்கு ரத்தம் நிக்கவே இல்ல. பொழைப்பாளான்னு ஆயிடுச்சு. பச்சப்புள்ளைக்குக் குடுக்க ஒரு சொட்டுப் பால் சுரக்கல” என்றார் மாமியார்.

கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது. எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் அது, குறைந்த அழுத்தத்தில் வரும் போர்ட்டல் ரத்தத்தை நம்பி வாழ்வது. பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போய் அழுத்தம் விழுந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். புரோலாக்டின் இல்லை, பால் இல்லை. எல்எச், எஃப்எஸ்எச் இல்லை, மாதவிலக்கு இல்லை. ஏசிடிஎச் இல்லை, கார்டிசால் இல்லை. ஷீஹன் சிண்ட்ரோம் என்பது இதற்குப் பெயர். சிகிச்சையிலும் இதே சங்கிலிதான் வழி காட்டுகிறது. கார்டிசால் குறைந்திருக்கும்போது தைராக்சினை மட்டும் கொடுத்தால் மிச்சமிருக்கும் கார்டிசாலும் வேகமாகக் கரைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராக்சின். அனாட்டமி, ஃபிசியாலஜி, ஓ.பி. எல்லாம் வேறு வேறு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வரும். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தாலும், இந்த நிலைமையில் இந்த எண் இவ்வளவுதான் இருக்க வேண்டுமா என்று கேட்கும் பழக்கத்தை முதல் வருஷத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

அனாட்டமிக்கு வருவோம். பிள்ளைகள் மிரள்வது இதில்தான், காரணமும் இருக்கிறது. பெயர்கள் கொத்துக்கொத்தாக வந்து விழும். டிசெக்‌ஷன் ஹாலில் டேபிளைச் சுற்றி நெரிசல், பின்வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. என் யோசனை இது: அன்றைய பகுதியை முந்தின இரவே ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். கூட்டம் கலைந்தபின் கையுறையோடு ஒரு பதினைந்து நிமிஷம் தங்குங்கள். ரேடியல் நரம்பை அக்குளில் விரலால் பிடித்து, மேற்கை எலும்பின் பின்புறம் சுற்றிச் செல்லும் பள்ளத்தின் வழியே முழங்கைவரை தடவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் நின்று, இந்த இடத்தில் அறுந்தால் என்ன போகும், என்ன மிஞ்சும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பைக்கிலிருந்து விழுந்து மேற்கை எலும்பு நடுவில் முறிந்த பையன் ஒருவன் மாவுக்கட்டு பிரித்தபின் ஓ.பி.க்கு வருவான். எலும்பு கூடியிருக்கும், கை மணிக்கட்டிலிருந்து தொங்கும். “தம்பி, முழங்கையை நீட்டுங்க” என்றால் நீட்டுவான். “மணிக்கட்டைத் தூக்குங்க” என்றால் முடியாது. முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசைக்கான கிளைகள் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிட்டன என்பது விரலால் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் சட்டென்று வரும். விரல்களின் அடிமூட்டுகளை நீங்கள் தாங்கிப் பிடித்தால் நுனி மூட்டுகளை அவன் நீட்டுவான்; அது அல்நர் நரம்பின் வேலை, ரேடியல் பிழைத்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். முறிந்த இடத்திலிருந்து பிரேக்கியோரேடியாலிஸ் தசைவரை டேப்பால் அளந்தால், முதல் அசைவை எந்த மாதத்தில் எதிர்பார்க்கலாம் என்று அந்தப் பையனின் அப்பாவுக்குச் சொல்லிவிடலாம். அவர் கேட்க வந்ததே அதுதான்.

அந்த டேபிளில் படுத்திருப்பவர் தன் உடலை உங்களிடம் ஒப்படைத்தவர், அல்லது கேட்க ஆளில்லாமல் வந்து சேர்ந்தவர். போன் வெளியே எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணியை நனைத்து மூடிவிட்டுப் போங்கள்.

பயோகெமிஸ்ட்ரியில் கிளைகாலிசிஸின் பத்துப் படியையும் தலைகீழாக ஒப்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்ப முடியாத மூன்று படிகள் எவை, அவற்றை எது முடுக்குகிறது, எது அடக்குகிறது என்பதைச் சொல்ல முடிந்தால் மற்றவை தானாக வந்து உட்காரும். இன்சுலின் இல்லாத பிள்ளை ஒன்று ஆழமாக, வேகமாக மூச்சு விட்டுக்கொண்டு வரும். நுரையீரலில் கோளாறு என்று கூட்டி வந்திருப்பார்கள். கொழுப்பு எரிந்து கீட்டோன் அமிலம் சேர, அதை ஈடுகட்ட உடம்பு கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளுகிறது. பிஹெச் 7.35 முதல் 7.45, பைகார்பனேட் 22 முதல் 26, சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5. இந்த மாதிரிச் சில எண்களை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் மீடியத்தில் படித்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபின் இந்தப் பிள்ளைகள் வகுப்பில் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். முதல் சில மாதம் லெக்சரின் இங்கிலீஷ் காதோடு நின்றுவிடும். பயப்படாதீர்கள். பாடத்தைத் தமிழில் யோசியுங்கள், ரூம்மேட்டுக்குத் தமிழில் விளக்குங்கள், புரிந்தபின் அதையே இங்கிலீஷில் நாலு வரி எழுதிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறு நூலைத் தமிழில் கொண்டுவந்தார். நம் மொழியில் மருத்துவத்தை யோசிப்பது யாரும் கூச்சப்பட வேண்டிய காரியமல்ல. வைவாவில் வார்த்தை தடுமாறினாலும் படம் போட்டு அம்புக்குறி இட்டு விளக்கும் பிள்ளையை நல்ல எக்ஸாமினர் யாரும் கைவிடுவதில்லை.

படிக்கும் முறையில் நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான். பக்கத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் வரையுங்கள். கோடு போட்டு வாசித்த பக்கம் தெரிந்த மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளில் கை எங்கே நிற்கிறதோ அங்கேதான் தெரியாதது இருக்கிறது. நெஃப்ரானை ஒரு முழுத்தாளில் போடுங்கள், ஒவ்வொரு வளைவிலும் என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று எழுதுங்கள். ஓரத்தில் நிறைய இடம் விடுங்கள். ரிசல்ட் வந்ததும் அந்தத் தாள்களை எடைக்குப் போடாதீர்கள், ஜூனியருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாம் வருஷம் ஃபார்மகாலஜி தொடங்கும்போது ஹென்லே வளைவின் தடித்த பகுதிக்குப் பக்கத்தில் ஃபுரோசமைட், அடுத்த குழாயில் தயசைடு, கடைசியில் ஸ்பைரனோலாக்டோன் என்று அதே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.